கர்ப்பம், பிரசவம், பச்சை உடம்பு: ஷியாட்சு பற்றித் தாய்மார் கேட்கும் கேள்விகள்

ஷியாட்சு செய்வது என் தொழில். லண்டனில் இருக்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற புதுத் தாய்மார்கள். தமிழ்ப் பெண்கள் நேரிலும் தொலைபேசியிலும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். பிரசவ நேரம் பற்றிய பதில் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும். அங்கேதான் இதற்கு அதிக வேலை இருக்கிறது, அந்த வேலையைச் செய்யப்போவதும் நானல்ல, உங்கள் கூட இருப்பவர்.

ஷியாட்சு என்றால் மசாஜ்தானே?

ஜப்பானில் உருவான கைவைத்தியம் இது. எண்ணெய் கிடையாது. துணி மாற்ற வேண்டியதில்லை, தளர்வான பருத்தி உடை போதும். தரையில் விரித்த மெத்தையில் படுத்துக்கொள்ள வேண்டும். செய்பவர் உள்ளங்கை, கட்டைவிரல், சில சமயம் முழங்கையைக் கொண்டு தன் எடையை மெதுவாக உங்கள் உடம்பில் இறக்குவார், சில விநாடிகள் அப்படியே நிற்பார், பிறகு எடுப்பார். தேய்ப்பதும் பிசைவதும் குறைவு.

இன்றைய வடிவத்துக்கு முக்கியக் காரணம் டோகுஜிரோ நமிகோஷி (1905–2000). சிறுவனாக ஹொக்கைடோவில் இருந்தபோது மூட்டுவலியால் துடித்த தன் தாயைக் கையால் அழுத்தி அழுத்தியே ஆற்றத் தொடங்கியவர் அவர். 1940-ல் டோக்கியோவில் பள்ளி தொடங்கினார். அவருக்குப் பின் ஷிசுடோ மசுனாகா (1925–1981) உடம்பில் ஆற்றல் ஓடும் வழிகள் என்று சீன மருத்துவம் சொல்லும் நாடிப் பாதைகளோடு இதை இணைத்து வேறொரு மரபை உருவாக்கினார். ஐரோப்பாவில் பேறுகாலத்துக்குச் செய்கிறவர்களில் பலர் மசுனாகா வழியைச் சேர்ந்தவர்கள், நானும் அப்படித்தான். ஜப்பானில் இது சட்டப்படி உரிமம் வேண்டிய தொழில். குறைந்தது 3 ஆண்டுகள் படித்து, தேசியத் தேர்வு எழுதித் தேற வேண்டும்.

பிரசவத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஷியாட்சு என்ற பெயர் வருவதற்கு முன்பே சம்பந்தம் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் கியோட்டோவில் ககாவா கென்எட்சு (1700–1777) என்றொருவர் இருந்தார். ஊசி வைத்தியமும், ஷியாட்சுவுக்கு மூத்ததான ‘அன்மா’ என்ற பிடித்துவிடும் வைத்தியமும் செய்து பிழைத்தவர். பிரசவம் நெருங்கும்போதுதான் குழந்தை தலைகீழாகப் புரள்கிறது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அதற்கு வெகு முன்பே தலை கீழ்நோக்கி இருப்பதுதான் இயல்பு என்று சொன்னார். 1765-ல் நூலாகவும் எழுதினார். வயிற்றில் இறுக்கிக் கச்சை கட்டுவதையும், பிள்ளை பெற்றவளைப் படுக்கவிடாமல் நாள்கணக்கில் நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைப்பதையும் கடுமையாக எதிர்த்தார். தாயின் உடம்பு கேட்பதைக் கொடு, வழக்கம் கேட்பதை அல்ல என்று வாதாடிய அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொன்று. ஜப்பானியப் பெண்களில் பலர் இன்றும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போகிறார்கள். நமக்குப் புதிதாகத் தோன்றாது.

எந்த மாதத்திலிருந்து செய்துகொள்ளலாம்?

எல்லாம் நல்லபடியாக இருந்தால் நான்காம் மாதத்திலிருந்து பிரசவம் வரை. முதல் மூன்று மாதங்களில் பலர் செய்ய மறுப்பார்கள். ஷியாட்சுவால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை அந்த வாரங்களில்தான் நடக்கின்றன. அப்படி ஏதாவது நடந்துவிட்டால், “அன்றைக்கு அங்கே போனேனே, அதனாலா?” என்ற கேள்வி அந்தப் பெண்ணை வருஷக்கணக்கில் அரிக்கும். அந்த பாரத்தை யார் மேலும் ஏற்ற நான் விரும்புவதில்லை. கேட்டு வருகிறவர்களுக்குக் கை, கால், தலையோடு நிறுத்திக்கொள்வேன்.

மசக்கைக்கு உதவுமா?

உதவலாம். நைகான் என்ற புள்ளி: உள்ளங்கையை மேலே திருப்பி, மணிக்கட்டின் மடிப்புக் கோட்டிலிருந்து மற்றக் கையின் மூன்று விரல்களை அகலவாட்டில் வையுங்கள். அவை முடியும் இடத்தில், நடுவில் ஓடும் இரண்டு தசைநார்க் கயிறுகளுக்கு இடையே கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். சில நிமிடங்கள், நாளில் பல முறை, எழுந்தவுடன் ஒருமுறை. மருந்துக் கடைகளில் விற்கும் குமிழ் வைத்த மணிக்கட்டுப் பட்டையும் இதே புள்ளியைத்தான் அழுத்துகிறது.

ஆராய்ச்சி முடிவுகள் கலவையாகவே உள்ளன. ஆனாலும் பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாந்தி அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு மற்ற சிகிச்சையோடு துணையாக இதையும் யோசிக்கலாம் என்று சேர்த்திருக்கிறது. தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, சிறுநீர் கருத்துவிட்டது என்றால் புள்ளியைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள், நரம்பு வழியாக நீர் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒருமுறை வந்தால் என்ன நடக்கும்?

ஏழு மாதக் கர்ப்பிணி என்று வைத்துக்கொள்வோம். முதலில் பேச்சு: தூக்கம், மலம், கால் வீக்கம், குழந்தையின் அசைவு, கடைசி ஸ்கேனில் சொன்னது. அப்புறம் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பேன். தலைக்கு ஒரு தலையணை, மேல் காலை மடக்கி அதற்கடியில் இரண்டு, வயிற்றுக்கடியில் மடித்த துண்டு, கட்டிப்பிடித்துக்கொள்ள இன்னொன்று. இந்த மாதங்களில் மல்லாக்கப் படுத்தால் கருப்பையின் பாரம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயை நெரிக்கும், தலை சுற்றும். 28 வாரத்துக்குப் பின் தூங்கும்போதும் பக்கவாட்டில் படுக்கச் சொல்வது இங்கே பொதுவான மருத்துவ அறிவுரை.

ஒரு கையை முதுகுத்தண்டின் அடியில் இருக்கும் முக்கோண எலும்பில் வைத்துச் சும்மா இருப்பேன். மற்றக் கை தோளில். பெரும்பாலும் சில நிமிடங்களில் மூச்சு நீளும், தூக்கிவைத்திருந்த தோள் காதிலிருந்து இறங்கும். அதற்குப் பிறகுதான் முதுகுத்தண்டின் இரு பக்கமும், இடுப்புக் குழி, தொடையின் வெளிப்புறம், பாதம் என்று போவது. வயிற்றில் அழுத்தம் கிடையாது. தாய் விரும்பினால் கை அங்கே சும்மா தங்கும், அவ்வளவுதான். குழந்தை அந்தக் கையை உதைப்பது அடிக்கடி நடக்கும். தாய்க்குச் சிரிப்பு வந்துவிடும்.

இடுப்பெலும்பு வலி, கை மரத்துப்போதல், தூக்கமின்மை இவற்றுக்காகத்தான் அதிகம் பேர் வருகிறார்கள். வலி முழுவதும் போய்விடும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் நான் அதிகம் கேட்பது.

அழுத்தக்கூடாத புள்ளிகள் இருக்கின்றனவாமே?

மரபுப்படி இருக்கின்றன. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உள்ள சதையில் கோகோகு. உள் கணுக்கால் எலும்புக்கு நான்கு விரல் மேலே, கால் எலும்பின் ஓரத்தில் சான்-இன்-கோ. தோளின் உச்சியில் கென்செய். அடிமுதுகின் முக்கோண எலும்பில் உள்ள குழிகள். கால் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் ஷி-இன். இவை கருப்பையைத் தூண்டும் என்பதால் 37 வாரம் ஆகும்வரை ஆழமாக அழுத்தக்கூடாது என்பது விதி.

இந்தப் புள்ளிகளில் ஊசி குத்திச் செய்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த 2015-ஆம் ஆண்டு மதிப்பாய்வு ஒன்று, கெடுதல் எதுவும் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆகவே தெரியாமல் யாராவது தோளைப் பிடித்துவிட்டால் பதறாதீர்கள். ஆனாலும் நான் விதியைக் கடைப்பிடிக்கிறேன். தொட வேறு இடமா இல்லை?

யார் செய்துகொள்ளக்கூடாது?

கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் ஷியாட்சு நேரத்தை ரத்துசெய்துவிட்டு உடனே மருத்துவமனையைக் கூப்பிடுங்கள்: இரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைந்தது, விடாத தலைவலி, கண்ணில் மின்னல் அல்லது மங்கல், மேல்வயிற்று வலி, திடீரென முகமும் கையும் வீங்குவது, காய்ச்சல், 37 வாரத்துக்கு முன் வலியோ நீர்க்கசிவோ, இரவில் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிப்பது.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால் அங்கே யாரையும் கைவைக்க விடாதீர்கள். கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலும் இரத்தம் உறையும் தன்மை கூடுதல். காலில் உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. “கால் வலிக்குது, கொஞ்சம் அமுக்கிவிடு” என்று நம் வீடுகளில் சாதாரணமாகக் கேட்போம். இரண்டு காலையும் ஒருமுறை பார்த்து ஒப்பிட்டுவிட்டு அமுக்கச் சொல்லுங்கள். சுருண்ட நரம்பு புடைத்திருந்தால் அதன்மேலும் அழுத்தம் வேண்டாம்.

நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், இரட்டைக் குழந்தை, இரத்த அழுத்தம், முன்பு குறைமாதப் பிரசவம் ஆனவர்கள்: உங்கள் மருத்துவரோ மிட்வைஃபோ (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) சரி என்று சொன்ன பிறகு வாருங்கள்.

குழந்தையின் தலை திரும்பவில்லை. புள்ளியை அழுத்தித் திருப்ப முடியுமா?

அழுத்தி அல்ல, சூடு காட்டி. மொக்ஸா என்ற காய்ந்த மூலிகைச் சுருளைக் கொளுத்தி, இரண்டு காலின் சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்துக்கு அருகில், தோலில் படாமல் பிடிப்பது வழக்கம். 33 முதல் 36 வாரத்துக்குள், நாளுக்கு 15–20 நிமிடம் வீதம், ஒன்றிரண்டு வாரம். நம்ப முடியாதது போலத் தோன்றும். ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-ல் புதுப்பித்த மதிப்பாய்வு, வழக்கமான கவனிப்போடு இதையும் சேர்த்தால் பிரசவ நேரத்தில் குழந்தை தலைகீழாக இல்லாதிருக்கும் வாய்ப்பு அநேகமாகக் குறைகிறது என்றே சொல்கிறது.

திரும்பாவிட்டால் 36, 37 வாரத்தில் மருத்துவர் வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பிப் பார்ப்பார். ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது பலிக்கிறது. அதை மருத்துவமனையில், ஸ்கேன் பார்த்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கண்காணித்துத்தான் செய்ய வேண்டும். கைவைத்தியக்காரர் யாரும் வயிற்றைப் பிடித்துத் திருப்ப முயன்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாள் தள்ளிப்போகிறது. ஷியாட்சுவால் வலி வரவழைக்க முடியுமா?

கடைசி வாரங்களில் வரும் அழைப்புகளில் அதிகம் இந்தக் கேள்விதான். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் மிட்வைஃப்கள் 40 வாரம் ஆன பெண்களுக்கும் துணைவர்களுக்கும் மூன்று புள்ளிகளையும் சில பயிற்சிகளையும் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 142 பெண்கள் சேர்ந்த அந்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. கற்றுக்கொண்டவர்களில் தானாக வலி கண்டவர்கள் அதிகம். ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையல்ல அது. சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று முனைந்தவர்களே கற்றுக்கொண்டும் இருக்கலாம். 2017-ல் காக்ரேன் 22 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஊசியோ அழுத்தமோ சிசேரியனைத் தெளிவாகக் குறைத்ததாகக் காணவில்லை.

ஆகவே என் பதில்: 40 வாரம் தாண்டிவிட்டதா, மருத்துவர் எல்லாம் சரி என்கிறாரா, வாருங்கள். உடம்பு தளரும், தூக்கம் வரும், பயம் கொஞ்சம் இறங்கும். வலி வந்தால் சந்தோஷம். வராவிட்டால் மருத்துவமனை குறித்த தேதியை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

வலி கண்டபின் என்ன செய்வது? கணவருக்கு எதுவும் தெரியாது.

தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பதுதான் எளிது. 34 வாரம் வாக்கில் இருவரையும் சேர்த்து வரச்சொல்வேன். பிரசவ அறையில் பல கணவர்கள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்பு இல்லாமல் அல்ல, கைக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லித்தரவில்லை.

முதலில் அவர் நிற்கும் விதம். மனைவி படுக்கையின் விளிம்பில் கைகளை ஊன்றிக் குனிந்து நிற்கிறார், அல்லது மண்டியிட்டுப் பெரிய பந்தின் மேல் சாய்ந்திருக்கிறார். கணவர் பின்னால். உள்ளங்கையின் அடிப்பகுதியை முக்கோண எலும்பில், பிட்டப் பிளவுக்குச் சற்று மேலே, தட்டையாக வைக்க வேண்டும். மற்றக் கை அதன் மேல். முழங்கை நேராக. இனி தள்ளக்கூடாது, சாய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து சுவரில் சாயும்போது எடை எப்படித் தானாக இறங்குகிறதோ, அப்படி. கைப்பலத்தால் தள்ளுகிறவர் அரைமணியில் களைத்துவிடுவார், பிரசவமோ இரவு முழுக்கப் போகலாம். எடையால் சாய்கிறவர் நெடுநேரம் தாங்குவார்.

வலி ஏறத் தொடங்கும்போது எடையும் ஏற வேண்டும், உச்சியில் அசையாமல் நிற்க வேண்டும், வலி இறங்கும்போது மெதுவாக எடுக்க வேண்டும். வெடுக்கென்று எடுத்தால் அவளுக்குத் தூக்கிப்போடும். இடையில் “வலிக்குதா?” என்று கேட்காதீர்கள். வலிக்கிறது என்று தெரியும். “இன்னும் வேணுமா, குறைக்கவா?” என்று மட்டும் கேளுங்கள். குழந்தையின் முதுகு தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் வலி முழுக்க அடிமுதுகில் எடுக்கும். அவர்கள் கேட்கும் அழுத்தம் கணவர்களைப் பயமுறுத்தும். தயங்காமல் முழு எடையையும் கொடுக்கலாம். முதுகுத்தண்டின் மேல் அல்ல, அந்த எலும்பின் மேல்.

ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடைவெளியில் வேறு வேலை. தோளின் உச்சியில் இரு கைகளையும் வைத்து, அவள் மூச்சை விடும்போது கீழே இறக்குங்கள். தோள் தளர்ந்தால் தாடை தளரும், தாடை தளர்ந்தால் அவள் அடித்தொண்டையிலிருந்து முனக முடியும். கீச்சென்று கத்தும் பெண்ணைவிட அடிக்குரலில் முனகும் பெண் குறைவாகக் களைப்பதை நான் கவனித்திருக்கிறேன். மண்டியிட்டிருக்கும்போது உள்ளங்கால் மேலே தெரியும். அதில் விரல்களுக்குக் கீழே உள்ள குழிதான் யூசென். கட்டைவிரலை அங்கே வைத்து நிதானமாக அழுத்தினால், பயத்தில் மூச்சு மேலேயே நிற்கும் பெண்ணுக்கு அது இறங்கும். முன்பு தவிர்த்த கோகோகு, சான்-இன்-கோ எல்லாம் இப்போது அனுமதி. கொரியாவில் 75 பெண்களிடம், ஒவ்வொரு வலியின்போதும் என்று 30 நிமிடம் சான்-இன்-கோவை அழுத்திப் பார்த்தார்கள். அழுத்தப்பட்டவர்களுக்கு, சும்மா தொடப்பட்டவர்களைவிட வலி குறைவாகவும் பிரசவ நேரம் குட்டையாகவும் இருந்ததாக 2004-ல் எழுதினார்கள்.

ஒரு கட்டத்தில் அவள் “தொடாதீங்க” என்று சீறலாம். கருப்பை வாய் முழுதும் திறக்கப்போகும் நேரம் பெரும்பாலும் அது. கையை எடுத்துவிட்டு அருகிலேயே இருங்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சற்று நேரத்தில் அவளே உங்கள் கையைத் தேடுவாள்.

இதெல்லாம் உண்மையிலேயே வலியைக் குறைக்குமா, மனசுக்குத்தானா?

காக்ரேன் 2020-ல் ஊசியும் அழுத்தமும் சேர்த்து 28 சோதனைகள், 3,960 பெண்களை வைத்துப் பார்த்தது. புள்ளிகளை அழுத்துவது பிரசவ வலியின் அளவைக் குறைக்கக்கூடும், ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு என்பது அதன் முடிவு. அடுத்து, எனக்கு முக்கியமானது, சிட்னியில் 2016-ல் வெளிவந்த சோதனை. தலைப்பிரசவப் பெண்கள் 176 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான வகுப்பு மட்டும். மறு பிரிவுக்குத் துணைவரோடு சேர்த்து 2 நாள் பயிற்சி கூடுதலாக: புள்ளி அழுத்தம், பிடித்துவிடுதல், மூச்சு, யோகா, மனத்தில் காட்சி காணுதல். எபிட்யூரல் (முதுகில் போட்டு இடுப்பையும் காலையும் மரக்கச்செய்யும் வலிநிவாரண ஊசி) கேட்டவர்கள் வழக்கமான பிரிவில் 68.7 சதவீதம், பயிற்சி பெற்ற பிரிவில் 23.9 சதவீதம். சிசேரியன் 32.5-லிருந்து 18.2 சதவீதம். இதில் ஷியாட்சு வகைப் புள்ளிகளின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. துணைவர் கற்றுக்கொண்டு கூட நின்றார் என்பதே பெரும்பங்காக இருக்கலாம் என்று நினைக்கிறேன். இருந்தால் என்ன? அதைத்தான் நானும் சொல்லித்தருகிறேன்.

உலக சுகாதார நிறுவனமும் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், வலி குறைய வேண்டும் என்று கேட்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பிடித்துவிடுதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியவற்றையும், அவள் விரும்பும் ஒருவர் உடனிருப்பதையும் பரிந்துரைக்கிறது.

எபிட்யூரல் போட்டுக்கொண்டால் தோல்வியா?

இல்லவே இல்லை. நீண்டு களைத்த பிரசவத்தில் அது பெரிய வரம். மரத்துப்போன இடுப்பிலும் காலிலும் மட்டும் ஆழ அழுத்தக்கூடாது, அவளால் வலியை உணர்ந்து சொல்ல முடியாது. கை, தலை, தோள் இருக்கிறது. சிசேரியன் மேசையிலும் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியிலும் தோளிலும் கை வைத்திருக்கலாம்.

இவ்வளவு இருந்தால் மருத்துவமனை இல்லாமலேயே வீட்டில் பெற்றுக்கொள்ளலாமே?

கூடாது. அக்குபிரஷர், இயற்கை வாழ்வு என்ற பெயரில் தமிழ்நாட்டில் இப்படிச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். 2018-ல் திருப்பூரில் இணையக் காணொளி பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் இளம் தாய் இரத்தப்போக்கால் இறந்தார். நஞ்சுக்கொடி விழுந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும் அளவு இரத்தம் வெளியேறும். எந்தப் புள்ளியும் அதை நிறுத்தாது. அதற்கு ஊசிமருந்து வேண்டும், இரத்தம் வேண்டும், அதைச் செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

பிரிட்டனில் வீட்டுப் பிரசவம் உண்டு, ஆனால் பதிவுபெற்ற மிட்வைஃப் வருவார், தேவைப்பட்டால் ஆம்புலன்ஸ் வரும். அவசர நேரம் தவிர, மிட்வைஃபோ மருத்துவரோ அல்லாத ஒருவர் பிரசவம் பார்ப்பது இங்கே சட்டப்படி குற்றம். நானே கூட இருந்தாலும் என் கை முதுகில் மட்டும்தான்.

நம்ம ஊர் வர்மம் மாதிரியா?

இரண்டும் உடம்பில் குறிப்பிட்ட இடங்களைத் தொடுகின்றன, அதோடு சரி. புள்ளிகளும் கோட்பாடும் வேறு. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைச் செய்ய முடியாது.

பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்கு எப்போது தொடங்கலாம்?

சுகப்பிரசவம் என்றால் உங்களுக்கு மனம் வந்த நாளிலிருந்து, மெதுவாக. நான் வீட்டுக்குப் போய்ச் செய்வேன். குழந்தை பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தோளையும் கழுத்தையும் பார்க்கலாம். குனிந்து குனிந்து பால் கொடுத்து அங்கேதான் இறுகியிருக்கும். சிசேரியன் என்றால் தையல் ஆறும்வரை, ஏறக்குறைய 6 வாரம், வயிற்றுப் பக்கம் போவதில்லை. கை, கால், தலை, முதுகின் மேல்பாகம் போதும்.

இந்த வாரங்களில் நான் கையைவிடக் காதை அதிகம் பயன்படுத்துகிறேன். அழுகை வந்துகொண்டே இருக்கிறது, குழந்தையைப் பார்த்தால் ஒன்றும் தோன்றவில்லை, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடமோ மிட்வைஃபிடமோ அப்படியே சொல்லுங்கள். பேறுகால மனச்சோர்வு நோய், அதற்குச் சிகிச்சை இருக்கிறது. “எல்லாருக்கும் வர்றதுதான்” என்று வீட்டில் சொன்னாலும் போய்ப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ, குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயம் வந்தாலோ, அதே நாளில்.

பால் கட்டிக்கொண்டது. அழுத்தி விடலாமா?

மார்பை ஆழமாக அழுத்தவோ கட்டியைக் கசக்கவோ வேண்டாம். அழுத்திக் கரைக்க வேண்டும் என்றுதான் முன்பு சொல்லித்தந்தார்கள். இப்போதைய அறிவுரை மாறிவிட்டது: ஆழப் பிசைவது வீக்கத்தைக் கூட்டும், திசுவைப் புண்ணாக்கும் என்று தாய்ப்பால் மருத்துவர்களின் 2022-ஆம் ஆண்டு நெறிமுறை எச்சரிக்கிறது. குளிர் ஒத்தடம், குழந்தை கேட்கும் அளவுக்குப் பால், மேலே இலேசாக நீவுவது. காய்ச்சலும் சிவப்பும் ஒரு நாளில் தணியாவிட்டால் மருத்துவர். ஷியாட்சு செய்கிறவர் தோளையும் மேல்முதுகையும் பார்த்துக்கொள்ளட்டும்.

குழந்தைக்கும் ஷியாட்சு உண்டா?

உண்டு, ஆனால் அதில் அழுத்தம் என்பதே இல்லை. வெறும் கையை வைத்துப் பிடித்திருப்பதும், பாதத்தையும் முதுகையும் நீவுவதும்தான். கண்ணிமையைத் தொட்டால் உங்களுக்கு எவ்வளவு பொறுக்குமோ அந்த அளவே போதும். உச்சிக்குழியில் கை வைக்கக்கூடாது. அப்பாக்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள், பால் கொடுக்க முடியாதவருக்குக் குழந்தையோடு ஒரு வேலை கிடைக்கிறது. வயிற்று வலிக்கு இதுவே மருந்து என்று சொல்லுமளவுக்கு ஆதாரம் இல்லை. குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், விறைத்தால், அன்றைக்குப் போதும் என்று அர்த்தம்.

எண்ணெய்க் குளியலுக்கு நான் எதிரியல்ல. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மார்புக் காம்பைப் பிதுக்குவது, தலையைப் பிடித்து உருட்டி வடிவாக்குவது, இவற்றைப் பாட்டி செய்தாலும் ஆயா செய்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தை மருத்துவர்கள் எச்சரிப்பவை இவை.

நல்ல ஆளை எப்படிக் கண்டுபிடிப்பது?

பிரிட்டனில் சட்டப்படி உரிமம் கிடையாது, யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். 1981-ல் தொடங்கிய ஷியாட்சு சொசைட்டியின் பதிவேட்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். பேறுகாலத்துக்கென்று தனியாகப் படித்தாரா, காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த வேலையில் இறங்கிய மிட்வைஃப்களும் உண்டு, கிடைத்தால் விடாதீர்கள். உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்காமலேயே தொடத் தொடங்குகிறவர், ஸ்கேனை வேண்டாம் என்கிறவர், சுகப்பிரசவத்துக்கு உத்தரவாதம் தருகிறவர், இந்த மூன்று பேரையும் தவிருங்கள்.

கணவரால் வர முடியாது, அம்மாதான் கூட இருப்பார். அவருக்கு முழங்கால் வலி. செய்ய முடியுமா?

தாராளமாக. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் உடனிருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் நடைமுறை 2000-களின் நடுவிலேயே தொடங்கிவிட்டது, அங்கே பெரும்பாலும் அம்மாவோ மாமியாரோதான் நிற்கிறார்கள். அம்மா மண்டியிட வேண்டாம். நாற்காலியில் அவர் உட்காரட்டும், நீங்கள் அவருக்கு முதுகு காட்டி, கட்டில் மேல் சாய்ந்து நில்லுங்கள் அல்லது பந்தில் உட்காருங்கள். அவர் முழங்கையைத் தன் தொடையிலோ இடுப்பிலோ ஊன்றிக்கொண்டு, உள்ளங்கையை உங்கள் அடிமுதுகில் வைத்து முன்னால் சாய்ந்தாலே எடை வந்துவிடும். கை ஓய்ந்தால் ஒரு டென்னிஸ் பந்தை அந்த எலும்பில் வைத்து அதன்மேல் சாயலாம். படுத்தே இருக்கச் சொல்லிவிட்டால் ஒருக்களித்துப் படுங்கள், அம்மா பின்னால் நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். பிரசவத்துக்கு முன்பே வீட்டில் நாலைந்து தடவை இருவரும் செய்து பாருங்கள், எவ்வளவு அழுத்தம் பிடிக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.